காய்ச்சலே இல்லாத கர்ப்பிணிக்கு ஏன் மலேரியா மாத்திரை? நச்சுக்கொடியில் தங்கிவிடும் ஒட்டுண்ணி பற்றி ஒரு விளக்கம்

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் மலேரியா அறிக்கையில் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. 2023ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, மலேரியா மிதமாகவோ அதிகமாகவோ பரவும் 33 ஆப்பிரிக்க நாடுகளில் அந்த ஆண்டு சுமார் 3.6 கோடி கர்ப்பங்கள். அவற்றில் ஏறத்தாழ 1.24 கோடிக் கர்ப்பங்களில், அதாவது மூன்றில் ஒரு பங்கில், தாய்க்கு மலேரியா தொற்று இருந்திருக்கிறது.

அதே பகுதியில் இன்னோர் எண்ணும் வரும்: 44 சதவீதம். அந்த நாடுகளில் மலேரியா தடுப்பு மாத்திரையை மூன்று தவணையாவது பெற்ற கர்ப்பிணிகள் இவ்வளவுதான். இது போதாது என்கிறது அறிக்கை. படிப்பவருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். அந்த மாத்திரை காய்ச்சல் வந்தவர்களுக்கானது அல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாமல், ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல், மாதப் பரிசோதனைக்கு வரும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். நமக்குத் தெரிந்த மலேரியா அப்படி இல்லையே. குளிர் நடுக்கம், காய்ச்சல், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கிருமி தெரிந்தால் மருந்து. இதுதானே வழக்கம்? கர்ப்பகாலத்தில் அவசியமில்லாத மாத்திரை எதையும் தொடாதே என்றுதானே சொல்வார்கள்?

இதற்கு விடை நச்சுக்கொடிக்குள் இருக்கிறது.

முதலில், நச்சுக்கொடி என்ன செய்கிறது

கருப்பையின் உட்சுவரில் ஒட்டி வளர்ந்து, தொப்புள்கொடி வழியாகக் குழந்தையோடு இணைந்திருக்கும் உறுப்பு நச்சுக்கொடி. நிறைமாதத்தில் அரை கிலோ அளவு எடை இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு வெளியே வந்துவிடுவதால் பலருக்கும் அது கழிவு. ஆனால் அதுவரை குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் மூன்றின் வேலையையும் பார்த்தது அதுதான்.

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. குழந்தையின் ரத்தக்குழாய்கள், கிளைகிளையாகப் பிரிந்த நுண்விரல்களுக்குள் ஓடுகின்றன. அந்த நுண்விரல்களைச் சுற்றியுள்ள இடைவெளியில் தாயின் ரத்தம் வந்து நிரம்புகிறது. குழாயை விட்டு வெளியே வந்து, நுண்விரல்களை நேராக நனைத்துவிட்டு, மறுபடி தாயின் சிரைகளுக்குள் திரும்பிப் போகிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இப்படி வந்து போகும். நுண்விரல்களின் மேற்பரப்பை எல்லாம் சேர்த்து விரித்தால் 10 சதுர மீட்டரைத் தாண்டும்.

நுண்விரல்களின் மேல் போர்த்தியிருக்கும் படலத்துக்கு சின்சீஷியோட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். இனி இதைப் ‘படலம்’ என்றே வைத்துக்கொள்வோம். இதில் தனித்தனிச் செல்கள் இல்லை. செல்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, நடுவில் சுவரே இல்லாத ஒரே பரப்பாக ஆகியிருக்கின்றன. ஆக்சிஜன், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், தாயின் ஆன்டிபாடிகள் என்று குழந்தைக்குப் போக வேண்டிய அத்தனையும் இதைத் தாண்டித்தான் போகும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சந்து இல்லை என்பதால் பெரும்பாலான கிருமிகளுக்கு இதைக் கடப்பது கடினம்.

மேலே போவதற்கு முன் இரண்டு விவரங்கள் முக்கியம். ஒன்று, தாயின் ரத்தம் குறைந்த அழுத்தத்தில், மெதுவாக நகரும் பெரிய இடம் இது. இரண்டு, படலத்தின் மேலும் அதைச் சுற்றியும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்–ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி, உடம்பில் வேறெங்கும் பெரிதாகக் காணாத ஒரு வடிவத்தில், ஏராளமாக இருக்கிறது.

ஒட்டிக்கொள்ளாவிட்டால் ஒட்டுண்ணிக்குச் சாவு

மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகவும் ஆபத்தானது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இதுதான். கொசுக்கடியில் உள்ளே வந்து, கல்லீரலில் ஒரு வாரம் போலத் தங்கிவிட்டு, சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் சுமார் 48 மணி நேரம் வளர்ந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு அடுத்த சிவப்பணுக்களுக்குள் போகும்.

இந்த 48 மணி நேரத்தில் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டுண்ணி வளர வளர, அது குடியிருக்கும் சிவப்பணு விறைத்துப்போகும். விறைத்த சிவப்பணுக்களைச் சலித்துப் பிடித்து அழிப்பது மண்ணீரலின் வேலை. எனவே ஃபால்சிபாரம், தன் வாழ்க்கைச் சுழற்சியின் பிற்பாதியில் ரத்தத்தோடு சுற்றாமல் ஏதாவது ஒரு ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்காக ஒரு புரதத்தைத் தயாரித்து, சிவப்பணுவின் வெளிப்புறத்தில் சிறுசிறு முண்டுகளாக நிறுத்துகிறது.

அந்தப் புரதம் வெளியே தெரிவதால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஒட்டுண்ணியிடம் அதற்கும் வழி இருக்கிறது. இந்தப் புரதத்தை உருவாக்க அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். ஒன்று அடையாளம் தெரிந்துபோனால் சட்டையை மாற்றுவது போல இன்னொன்றுக்கு மாறிவிடும். மலேரியா பரவும் ஊரில் வளரும் குழந்தை, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு, இந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்துக்கொள்கிறது. பெரியவராகும்போது உடம்பில் கிருமி இருந்தாலும் காய்ச்சல் வராத நிலை ஏற்படுகிறது. கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கர்ப்பிணிக்கு மட்டும் என்ன ஆகிறது?

பல ஆண்டுகள் மலேரியாவோடு பழகி, எதிர்ப்பாற்றல் பெற்ற 19, 20 வயதுப் பெண். அவருக்கு முதல் கர்ப்பத்தில் மட்டும் மறுபடி ரத்தத்தில் கிருமி கூடுகிறது. இரண்டாம், மூன்றாம் கர்ப்பங்களில் இது குறைந்துகொண்டே போகிறது. கர்ப்பத்தால் எதிர்ப்பாற்றல் பொதுவாகவே தளர்ந்துபோகிறது என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். ஆனால் அது காரணமாக இருந்தால் ஐந்தாவது கர்ப்பத்திலும் அதே அளவு தளர வேண்டும். அப்படி நடப்பதில்லை.

இந்த முடிச்சு 1996இல் அவிழ்ந்தது. கென்யாவில் பிரசவமான பெண்களின் நச்சுக்கொடிகளிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளை மிக்கால் ஃப்ரீட், பாட்ரிக் டஃபி இருவரும் சோதித்தார்கள். மற்றவர்களின் ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகள் ரத்தக்குழாய்ச் சுவரின் வேறு மூலக்கூறுகளில் ஒட்டின; நச்சுக்கொடியிலிருந்து வந்தவை காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்–ஏயில் ஒட்டின. 2003இல் அலி சலாந்தி குழுவினர், இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டார்கள். அந்த 60இல் ஒன்றான அதன் பெயர் வார்–2–சிஎஸ்ஏ.

இப்போது கணக்கு நேராகிறது. நச்சுக்கொடி இல்லாத உடம்பில் இந்தப் புரதத்தால் ஒட்டுண்ணிக்கு லாபமில்லை. எனவே ஆண்களின் உடம்பும், கருவுறாத பெண்களின் உடம்பும் அதைச் சந்தித்திருப்பது அரிது. எதிரான ஆன்டிபாடியும் இருக்காது. முதன்முறை கருவுற்றதும், ஒட்டுண்ணிக்குப் புதிதாக ஓர் இடம் திறக்கிறது. அந்த இடத்துக்கான புரதமும் அதனிடம் தயாராக இருக்கிறது. தாயிடம் உள்ள பழைய ஆன்டிபாடிகள் எதுவும் அதைத் தடுக்காது. ஒரு கர்ப்பம் முடிந்தபின் வார்–2–சிஎஸ்ஏவுக்கான ஆன்டிபாடிகள் உருவாகியிருக்கும்; அடுத்த கர்ப்பத்தில் அவை ஓரளவு காக்கும். முதல் குழந்தைதான் அதிக விலை கொடுக்கிறது.

இடையில் ஒரு தகவல். இதே சர்க்கரைச் சங்கிலி பல புற்றுநோய்க் கட்டிகளிலும் இருப்பதை சலாந்தி குழு 2015இல் காட்டியது. நச்சுக்கொடியைப் பற்றிக்கொள்ளும் புரதத்தையே புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிக்கப் பயன்படுத்தலாமா என்ற ஆராய்ச்சி தனியாக நடக்கிறது.

நாட்பட்டால் என்ன நடக்கிறது

ஓரிரு நாள் தொற்று, மருந்து கொடுத்ததும் போய்விட்டது என்றால் நச்சுக்கொடி பெரும்பாலும் தேறிவிடும். சேதத்தைத் தீர்மானிப்பது எத்தனை நாள் இருந்தது என்பதும், தாயின் உடம்பு அதற்கு எப்படி எதிர்வினை செய்தது என்பதும்தான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும்போது நடப்பது ஏறத்தாழ இந்த வரிசையில்:

1. ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்கள் நுண்விரல்களுக்கு இடையே குவிகின்றன. விரல் நுனி ரத்தத்தில் ஒன்றிரண்டு தெரிவதே அபூர்வமாக இருக்கும்போது, நச்சுக்கொடி ரத்தத்தில் கூட்டமாக இருக்கலாம்.

2. சிவப்பணு உடையும்போது ஒட்டுண்ணியின் கழிவான ஹீமோசோயின் என்ற பழுப்பு–கறுப்பு நிறமி வெளியேறுகிறது. ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் இரும்புச் சேர்மம் இது. எளிதில் கரையாது.

3. நச்சுக்கொடி தரும் வேதிச் சமிக்ஞைகளால் தாயின் வெள்ளையணுக்கள், குறிப்பாக மோனோசைட் என்ற வகை, அங்கே திரள்கின்றன. ஒட்டுண்ணியையும் நிறமியையும் விழுங்குகின்றன. முதல் கர்ப்பங்களில் இந்தத் திரட்சி மிக அதிகம். குழந்தையின் எடைக் குறைவோடு வலுவாகத் தொடர்புள்ளதும் இதுதான். ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையைவிட இதற்கே தொடர்பு கூடுதல்.

4. அந்த வெள்ளையணுக்கள் அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் படிகிறது. நுண்விரல்களின் அடிச்சவ்வு தடிக்கிறது. படலம் ஆங்காங்கே சிதைந்து முடிச்சு விழுகிறது. தாயின் ரத்தத்துக்கும் சேயின் ரத்தத்துக்கும் இடையிலான தூரம் கூடுகிறது.

5. படலத்தில் உள்ள கடத்திப் புரதங்களின் வேலை மந்தமாகிறது. அழற்சி இருந்த நச்சுக்கொடிகளில் அமினோ அமிலங்களைக் கடத்தும் திறன் குறைந்திருந்ததை மலாவிப் பெண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. தாய் நன்றாகச் சாப்பிட்டாலும் குழந்தைக்குப் போய்ச் சேர்வது குறையும்.

6. குழந்தையின் வளர்ச்சிக்கான ஹார்மோன்களும், நச்சுக்கொடியில் புது ரத்தக்குழாய்கள் உருவாவதற்கான சமிக்ஞைகளும் குலைகின்றன. தொற்று கர்ப்பத்தின் முற்பகுதியில் வந்திருந்தால் இந்தப் பாதிப்பு பின்னால் பெரிதாகத் தெரியும். சில இளம் தாய்மார்களுக்கு ரத்த அழுத்தமும் ஏறுகிறது.

இவற்றின் விளைவாக, குறைமாதப் பிரசவம், இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடை, சில சமயம் வயிற்றிலேயே குழந்தை இறப்பது. கூடவே தாய்க்கு ரத்தசோகை. இவை பிரசவ அறையில் ‘மலேரியா’ என்று பதிவாவதில்லை. ‘எடை குறைந்த குழந்தை’ என்றுதான் பதிவாகும். பிரச்சினையின் அளவு வெளியே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் ஒட்டுண்ணி பெரும்பாலும் குழந்தைக்குள் போவதே இல்லை. படலம் தன் வேலையைச் செய்கிறது. குழந்தை பிறக்கும்போதே மலேரியா நோயோடு பிறப்பது குறைவு. கொள்ளையெல்லாம் வாசலிலேயே நடக்கிறது. ஒட்டுண்ணியின் கழிவுகளும் புரதத் துணுக்குகளும் மட்டும் உள்ளே கசிந்து குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிமுகமாகின்றன. நச்சுக்கொடியில் மலேரியா இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் மலேரியா சீக்கிரமே வருவதைக் கேமரூன், டான்சானியா, பெனின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எதிரியைக் கருவிலேயே பார்த்துப் பழகி, சகித்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. கொசு அதிகமுள்ள வீட்டில் தாய்க்கும் கடி, பிள்ளைக்கும் கடி என்ற எளிய காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

நுண்ணோக்கியில் பார்த்தால்

நச்சுக்கொடி மலேரியாவை உறுதியாகச் சொல்லும் சோதனை, பிரசவத்துக்குப் பிறகு ஒரு சிறு துண்டை வெட்டி, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிப் பார்ப்பது. ஒட்டுண்ணி மட்டும் இருந்து, ஃபைப்ரினில் நிறமி படியாமல் இருந்தால் புதுத் தொற்று. ஒட்டுண்ணியும் உண்டு, ஃபைப்ரினில் நிறமியும் உண்டு என்றால் நாட்பட்ட தொற்று. நிறமி மட்டும் இருந்தால், வந்து போன பழைய தொற்று.

நிறமி என்பது தேதி போடாத ரசீது. ஃபைப்ரினில் சிக்கிய ஹீமோசோயின் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சாதாரண வெளிச்சத்தில் பழுப்புப் புள்ளி. தளவிளைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) பாய்ச்சினால் பளிச்சென்று மின்னும். இதில் ஆய்வகத்தார் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. துண்டை ஊறவைக்கும் ஃபார்மலின் அமிலத்தன்மையோடு இருந்தால், ரத்தத்தோடு சேர்ந்து அதுவே ஒரு பழுப்பு நிறமியை உண்டாக்கும். அதுவும் அப்படியே மின்னும். இல்லாத மலேரியா இருப்பதாகத் தெரியும். அதனால்தான் இந்த வேலைக்கு நடுநிலைப்படுத்திய ஃபார்மலின் வேண்டும் என்று கறாராகச் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனை ஏன் கைவிடுகிறது

நச்சுக்கொடியைச் சோதிக்கப் பிரசவம் முடிய வேண்டும். அதற்குள் குழந்தைக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டிருக்கும். கர்ப்பத்தின்போது கையில் இருப்பது விரல் நுனி ரத்தம்தான். முதிர்ந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் நச்சுக்கொடியில் ஒட்டிக் கிடக்க, சுற்றி வரும் ரத்தத்தில் இளம் ஒட்டுண்ணிகள் கொஞ்சமே இருக்கும். நுண்ணோக்கியில் ‘இல்லை’ என்று வரும். கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளதையும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை கண்டுபிடிக்கும். ஆனால் கிராமத்து சுகாதார நிலையத்தில் பிசிஆர் ஏது?

இது புதிதாகத் தெரிந்ததும் அல்ல. 1915லேயே பனாமா கால்வாய்ப் பகுதியில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிளார்க் என்ற மருத்துவர், தாயின் விரல் ரத்தத்தைவிட நச்சுக்கொடி ரத்தத்தில் ஒட்டுண்ணி எளிதாகக் கிடைப்பதை எழுதிவைத்தார். ஏன் என்பதற்குப் பதில் கிடைக்கத்தான் எண்பது ஆண்டுகள் ஆயின.

ரத்தச் சொட்டை வைத்ததும் கோடு காட்டும் துரிதப் பரிசோதனை அட்டைகள் ஓரளவு உதவும். ஒட்டுண்ணி எங்கே ஒளிந்திருந்தாலும் அது கசியவிடும் ஒரு புரதம் ரத்தத்தில் கலக்கும். ஃபால்சிபாரத்துக்கான அட்டைகள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகின்றன. ஆனால் குறைந்த அளவுத் தொற்றுகளை அவையும் தவறவிடும். மருந்து சாப்பிட்டு ஒட்டுண்ணி செத்த பின்னும் வாரக்கணக்கில் ‘இருக்கிறது’ என்றும் காட்டும்.

சரி, காய்ச்சலும் இல்லை, சோதனையும் நம்பகமில்லை. மூன்றில் ஒருவருக்கு இருக்கக்கூடிய தொற்று, யாருக்கு என்று தெரியாது. ‘எல்லோருக்கும் கொடு’ என்ற முடிவு இந்த நிலைமையில்தான் பிறந்தது. அது சோம்பேறித்தனத்தில் பிறந்த முடிவல்ல.

மாத்திரை, அதன் கணக்கு

சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்ற இரு மருந்துக் கூட்டு, ஒரு தவணைக்கு மூன்று மாத்திரைகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, இரண்டாம் மும்மாதம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மாதப் பரிசோதனையின்போதும், குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டுத் தர வேண்டும். மூன்று தவணையாவது கிடைக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், சுகாதாரப் பணியாளரின் கண் முன்னாலேயே விழுங்கவைப்பதுதான் முறை. இருக்கும் தொற்றையும் இது அழிக்கும், உடம்பில் மெதுவாகக் கரைந்து அடுத்த சில வாரங்களுக்குக் காவலாகவும் இருக்கும். நாள்பட விடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

எல்லாக் கர்ப்பிணிகளும் சாப்பிடும் ஃபோலிக் அமிலத்தோடு இதற்கு ஒரு மோதல் உண்டு. ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானே தயாரிக்கும் வழியை அடைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால் மருந்தின் பலன் குறைகிறது. அதனால் இந்த நாடுகளில் 0.4 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறார்கள். மருந்தும் சத்து மாத்திரையும் வேறு வேறு திட்டங்களில் வந்து சேரும் இடங்களில் இந்தச் சின்ன விஷயம் தவறிப்போகக்கூடியது.

இன்னும் சுவாரசியமான புதிர், கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மருந்துக்கு ஒட்டுண்ணிகள் பெருமளவு எதிர்ப்புப் பெற்றுவிட்டன என்பது. எனவே வலுவான வேறொரு கூட்டு மருந்தை (டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பிப்பராக்வின்) மாற்றாக வைத்து கென்யா, மலாவி, டான்சானியா மூன்றிலும் பெரிய ஆய்வு நடந்து, 2023இல் முடிவு வந்தது. புது மருந்து மலேரியாவை நன்றாகவே குறைத்தது. ஆனால் பிரசவ விளைவுகள் மேம்படவில்லை; குழந்தைகளின் எடையில் பழைய மருந்தே தேவலை. பழைய மருந்தில் உள்ள சல்ஃபா, மலேரியா தவிர வேறு பாக்டீரியாத் தொற்றுகளையும் அடக்கி உதவுகிறது என்பது இப்போதுள்ள வலுவான ஊகம். நச்சுக்கொடியைக் கெடுப்பது மலேரியா மட்டுமல்ல என்பதை இந்த ஆய்வு நன்றாகவே நினைவூட்டியது.

முதல் மூன்று மாதங்களுக்கு இந்தத் தடுப்பு மாத்திரை கிடையாது. தாயின் ரத்தம் நுண்விரல்களைச் சுற்றி முழு அளவில் பாயத் தொடங்குவது 10–12 வாரங்களை ஒட்டித்தான்; அதற்கு முன் ஆபத்தில்லை என்று தோன்றலாம். ஆனால் பெனினில் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, கர்ப்பத் தொடக்கத்தில் தென்படும் தொற்றுகளில் ஒரு பகுதி கருத்தரிக்கும் முன்பே உடம்பில் இருந்தவை என்று காட்டியது. அந்த இடைவெளியில் இப்போதைக்கு மருந்து பூசிய கொசுவலை மட்டுமே காவல். நோயே வந்துவிட்டால், முதல் மும்மாதத்திலும் ஆர்ட்டிமெத்தர்–லூமிஃபான்ட்ரின் தரலாம் என்று 2022இல் பரிந்துரை மாறியது.

மலேரியா குறைந்த ஊரில் கதை வேறு

எதிர்ப்பாற்றல் சேர வாய்ப்பே இல்லாத மக்களிடம் இதே ஒட்டுண்ணி வேறுவிதமாக நடந்துகொள்ளும். 1934–35இல் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கி, மலேரியா கொள்ளைநோயாகப் பரவியது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கொழும்பில் மகப்பேற்று மருத்துவராக இருந்த விக்ரமசூரிய அப்போது பதிவுசெய்தவை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன: மலேரியா கண்ட கர்ப்பிணிகளிடையே இறப்பு, கர்ப்பமில்லாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே முதல் கர்ப்பம், மூன்றாம் கர்ப்பம் என்ற பேதமில்லை. நாட்பட ஒளிந்திருக்கும் தொற்று அல்ல அது. தாயையே கொல்லும் கடும் நோய். அந்த இலங்கைக்கு 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது.

தமிழ்நாட்டில் காணப்படுவது பெரும்பாலும் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் கொசு பரப்புவது இதைத்தான். வைவாக்ஸ் நச்சுக்கொடியில் ஃபால்சிபாரம் போலக் குவிவதில்லை. அதற்காகத் தீங்கில்லாதது என்று விட முடியாது: தாய்லாந்து–மியான்மர் எல்லையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் வைவாக்ஸ் வந்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 107 கிராம் எடை குறைந்திருந்தார்கள். கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிக்கும் பிரைமாகுவினைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்பதால், நோய் திரும்பத் திரும்ப வரும் அபாயமும் இருக்கிறது. தொற்று இவ்வளவு குறைவாக உள்ள இடத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுப்பது பொருளற்றது. இந்தியாவில் அந்தத் திட்டம் இல்லை. காய்ச்சல் வந்தால் உடனே சோதித்துச் சிகிச்சை தருவதே முறை.

மற்ற ஒட்டுண்ணிகள்

‘கர்ப்பத்தில் ஒட்டுண்ணித் தொற்று’ என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது வழக்கமாகிவிட்டது. சேதம் வரும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

டாக்ஸோபிளாஸ்மா, மலேரியா போல வாசலில் நிற்காது. நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் பதிந்திருக்கும் பகுதியின் செல்கள் வழியாக உள்ளே போகும். கர்ப்பத் தொடக்கத்தில் கடக்கும் வாய்ப்பு குறைவு, கடந்தால் பாதிப்பு கடுமை. இறுதி மாதங்களில் இது தலைகீழ். லத்தீன் அமெரிக்காவின் சாகஸ் நோய் ஆயுள் முழுக்க அறிகுறியின்றி உடம்பில் இருக்கக்கூடியது. தொற்றுள்ள தாய்மார்களில் சுமார் 5 சதவீதத்தினரிடமிருந்து குழந்தைக்குப் போகிறது. கர்ப்பத்தில் அதற்கு மருந்து கொடுப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் வருடத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

நம் ஊரில் பரவலான கொக்கிப்புழு நச்சுக்கொடிப் பக்கமே போவதில்லை. குடலில் ரத்தம் உறிஞ்சி, தாயின் ரத்தசோகை வழியாகக் குழந்தையைப் பாதிக்கிறது. இரண்டாம் மும்மாதத்தில் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான்.

தடுப்பூசி எங்கே நிற்கிறது

வார்–2–சிஎஸ்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி இரண்டாவது கர்ப்பத்தைக் காக்கிறது என்றால், அதை முதல் கர்ப்பத்துக்கு முன்பே ஊசியால் உண்டாக்கிவிடலாமே? பாம்வாக், பிரிம்வாக் என்ற இரண்டு தடுப்பூசிகள் இந்த யோசனையில் பிறந்தவை. ஒன்று ஜெர்மனியிலும் பெனினிலும், மற்றது பிரான்ஸிலும் புர்கினா ஃபாசோவிலும் முதற்கட்டச் சோதனையில் இறங்கின. பாதுகாப்பில் பெரிய சிக்கல் இல்லை, ஆன்டிபாடியும் உருவானது. ஆனால் எந்த ஒட்டுண்ணியின் புரதத்தை வைத்து ஊசி செய்தார்களோ அந்த வகைக்கு எதிராகத்தான் அது நன்றாக வேலை செய்தது. ஊருக்கு ஊர் புரதம் சற்றே மாறுகிறது. 2021இல் இந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவமும், சர்க்கரைச் சங்கிலி அதில் எங்கே பொருந்துகிறது என்பதும் துல்லியமாகத் தெரிந்தன. சங்கிலி பொருந்தும் அந்தப் பள்ளத்தை ஒட்டுண்ணி இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றினால் ஒட்ட முடியாது. அடுத்த தலைமுறை ஊசிகள் குறிவைப்பது அந்தப் பகுதியைத்தான்.

அப்புறம், இங்கிருந்து வேலைக்காக நைஜீரியா, டான்சானியா, மொசாம்பிக் போன்ற நாடுகளுக்குப் போகும் குடும்பங்களுக்கு நடைமுறைத் தகவல் ஒன்று. இவர்களுக்கு ஃபால்சிபாரத்துக்கு எதிர்ப்பாற்றல் ஏதும் இருக்காது. கர்ப்பமாக இருக்கும்போது அங்கே போவதைத் தள்ளிப்போடுவது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்க வேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சலோ காரணம் தெரியாத ரத்தசோகையோ வந்தால், மகப்பேறு மருத்துவரிடம் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் ரத்தச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.